வணிகப் பட்டமும் வாழ்க்கைக் கணக்கும்

எண்ணையும் எழுத்தையும் பிரித்து நோக்கியவரல்லர் நம் முன்னோர். திண்ணைப் பள்ளியில் மணலிற் கைவைத்த சிறுவன் அரிச்சுவடியோடு எண்சுவடியையும் உடன் கற்றான். இந்நாளிலோ எழுத்து ஒரு துறை, எண் மற்றொரு துறை என்றாயிற்று. தமிழ் பயிலும் எம்மனோர் ஒரு கட்டிடத்திலும், வணிகவியலும் பொருளாதாரமும் பயிலும் நண்பர்கள் பிறிதொரு கட்டிடத்திலும் அமர்ந்திருக்கின்றோம். இடையிலுள்ள முற்றம் சிறிது; ஆயினும் அதனைக் கடந்து ஒருவரோடொருவர் அளவளாவுதல் அரிதாயிற்று. ஆகவே, "வணிகவியற் பாடத்திட்டத்தைப் பற்றித் தமிழ் மாணவர் எழுதப் புகுவது என்னை?" என்று வினவுவாரும் உளராவர். அவர்க்கு யாம் கூறும் விடை இதுவே: நாட்டின் வரவு செலவை நாளை எழுதப்போகும் கைகள் இன்று எவ்வாறு பயிற்றப்படுகின்றன என்பது அத்துறையார்க்கு மட்டும் உரிய செய்தியன்று, அக்கணக்கினால் வாழ்வும் தாழ்வும் எய்தும் அனைவர்க்கும் உரியதாம்.

வெள்ளானூரை ஈண்டுச் சான்றாகக் கொள்வாம். ஆவடியை அடுத்து, செங்குன்றம் செல்லும் வழிப்பக்கத்தே அமைந்த ஊர் இது. அணித்தேயுள்ள ஆவடியிற்றான் 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானித்தது. பின்னர், 1960-களில் அங்கே படைக்கலவூர்தித் தொழிற்சாலை எழுந்தது. அம்பத்தூரில் சிறு தொழிற்பேட்டை பரந்தது. வடகிழக்கே செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் மலிந்துள்ளன. ஏரியும் வயலுமாய் இருந்த நிலங்கள் மனைகளாக மாறிவருகின்றன. உழவும் ஆலையும் கடையும் கல்லூரியும் ஒருங்கே நிலவும் இத்தகைய ஊரைப் பொருளாதார நூலின் திறந்த ஏடு என்றே கூறலாம். இவ்வூர்ப்புறங்களிலிருந்து குடும்பத்தில் முதன்முதற் பட்டம் பெறப் போகும் பிள்ளைகள் பலர் வணிகவியல் வகுப்பை நாடிச் செல்கின்றனர். "பி.காம். முடித்தால் ஒரு வேலை கிடைக்கும், கடன் அடையும்" என்பதே அப்பெற்றோரின் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு ஈடாக அவர்க்குப் பல்கலைக்கழகம் அளிப்பது யாது? இதுவே யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பாடத்திட்டத்தை வகுப்பவர் யாவர் என்பதை முதற்கண் காண்பாம். அதனை மூன்று கைகள் வரைகின்றன. முதலாவது பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் குழு. தமிழ்நாட்டில் இளநிலைப் பட்டப்படிப்பு ஐந்து பகுதிகளாக அமைந்துள்ளது: மொழி ஒரு பகுதி, ஆங்கிலம் ஒரு பகுதி, முதன்மைப் பாடமும் சார்பு பாடமும் சேர்ந்தது மூன்றாம் பகுதி, திறன் வளர் பாடங்களும் சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி முதலியனவும் நான்காம் பகுதி, தொண்டுப் பணி ஐந்தாம் பகுதி. இரண்டாவது கை தொழிற்கழகங்களுடையது. பட்டயக் கணக்காளர்க்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், அடக்கவிலைக் கணக்கர்க்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தனித்தனிக் கழகங்கள் நிறுவப்பெற்றன. அவற்றின் தேர்வுக்கு எது வேண்டுமோ அதுவே கல்லூரிப் பாடத்திலும் மெல்லப் புகுந்துவிடுகின்றது. மூன்றாவது கை அரசும் வேலை தருவோரும் ஆவர். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்தது. 2024-ஆம் ஆண்டு முதல் வணிக நிருவாகப் பட்டமாகிய பி.பி.ஏ., அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஆளுகைக்குள் வந்தது. ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டியதை ஏட்டிற் சேர்ப்பர், நீக்குவார் அரியர். ஆதலின் ஏடு பருத்துக்கொண்டே செல்கின்றது.

இவ்வாறு சேர்ந்தவை பயனில என்று கூறுவேமல்லேம். நிதிநிலைக் கணக்கியலும், அடக்கவிலைக் கணக்கியலும், தணிக்கையும், வருமானவரிச் சட்டமும், நிறுமச் சட்டமும், 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரியும் அறியாதவன் கணக்கன் ஆகான். எம் குறை பிறிதொன்று. இப்பாடங்களிற் காணப்படும் வணிகர்க்கு ஊர் இல்லை, பெயர் இல்லை. "அ, ஆ என்பார் இருவர் கூட்டாளிகள், இலாபத்தை மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்திற் பகிர்வர்" என்று தொடங்கும் கணக்கை மாணவர் நூறு முறை போடுகின்றார். உண்மைக் கடையொன்றின் பேரேட்டை மூன்றாண்டுகளில் ஒரு முறையேனும் புரட்டினாரா எனின், பெரும்பாலார் இல்லை என்றே விடை கூறுவர். பொருளாதார மாணவர் நிலையும் இத்தகையதே. தேவைக் கோடும் அளிப்புக் கோடும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியைக் கரும்பலகையிற் பிழையின்றிக் குறிப்பர். செங்குன்றத்து ஆலையில் நெல் மூட்டையின் விலையை யார், எவ்வாறு உறுதிசெய்கின்றனர் என்று கேட்டால் வாளா இருப்பர்.

இக்குறையின் விளைவை ஒரு கணக்கால் விளக்குவாம். சென்னைப் புறநகர்களில் தண்டல் என்னும் கடன்முறை உண்டு. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் தருவது 8,500 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் திருப்பிச் செலுத்துதல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கிய காய்கறிக்காரி இதனை நூற்றுக்குப் பதினைந்து வட்டி என எண்ணி அமைவாள். உண்மை யாது? அசல் நாள்தோறும் குறைந்து வருதலின், நூறு நாளும் அவள் கையில் இருந்த தொகையின் சராசரி ஏறக்குறைய 4,250 ரூபாயே. அதற்கு அவள் இறுத்த வட்டி 1,500 ரூபாய். அஃதாவது, நூறு நாளைக்கு நூற்றுக்கு முப்பத்தைந்து. ஆண்டுக் கணக்கிற் கூறின் நூற்றுக்கு ஏறத்தாழ நூற்று முப்பதாம்! மிகைவட்டி வாங்குதலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும், வட்டி எத்துணை என்று கணிக்க அறியாதார்க்கு அஃது எங்ஙனம் துணையாகும்? அக்காய்கறிக்காரியின் மகளோ வணிகவியல் மூன்றாமாண்டு மாணவி. கடன்பத்திரங்களின் விளைவுவீதம் காணும் கணக்கில் அவள் முழு மதிப்பெண் பெற்றிருக்கலாம். ஆயினும், தன் தாயின் சிட்டைப் புத்தகம் அதே கணக்குத்தான் என்பதை அவளுக்குச் சொல்லித் தந்தார் இல்லை. இது மாணவியின் குற்றமன்று. பாடத்தை வகுத்த முறையின் குற்றம் என்க.

பழைய நாளில் இக்கல்வி எவ்வாறு நடந்தது என்பதும் நினைக்கத்தக்கது. நகரத்தார் தம் பிள்ளைகளைக் கடல் கடந்த கடைகளுக்கு அனுப்பினர். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாக உயர்ந்து, பின் கடையை நடத்தும் மேலாளாவது அவர்தம் முறை. குறிப்பேடும் பேரேடும் ஐந்தொகையும் அவர்க்குக் கைப்பழக்கமாயின. இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் அவர் நடத்திய வட்டித்தொழில் அப்பயிற்சியின் மேல் நின்றது. ஆனால் அம்முறையை அப்படியே மீட்க வேண்டுமென்பார் கூற்றை யாம் ஏலேம். என்னை? அக்கல்வி ஒரு குலத்தின் ஆடவர்க்கே உரியதாயிருந்தது. பிறர் அதன் வாயிலையும் மிதித்திலர். 1886-ஆம் ஆண்டிற் சென்னையில் பச்சையப்பர் அறநிலையத்தார் வணிகப் பள்ளி தொடங்கியதும், 1913-ஆம் ஆண்டிற் பம்பாயிற் சைடன்ஹாம் கல்லூரி தோன்றியதும், அவ்வாயிலைப் பிறர்க்கும் திறந்த செயல்களாம். கல்லூரி கதவைத் திறந்தது. ஆனால் திறக்கும்பொழுது கடையை வெளியே விட்டுவிட்டது. கதவு திறந்தே இருக்கக் கடையையும் உள்ளே அழைத்தல் கூடுமா என்பதே நம்முன் உள்ள வினா.

கூடும் என்பதற்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறே சான்று பகர்கின்றது. 1915-ஆம் ஆண்டின் இறுதியில் கில்பர்ட்டு சிலேட்டர் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் இந்தியப் பொருளாதாரத்துறையின் முதற் பேராசிரியராக இங்கு வந்தார். இங்கிலாந்தின் நூல்களை இந்திய மாணவர் மனனம் செய்வதாற் பயனில்லை என்று கண்ட அவர், வினாத்தாள் ஒன்றை வகுத்து, விடுமுறையில் தத்தம் சிற்றூர்க்குச் சென்று நிலம், கூலி, கடன், கால்நடை, குடித்தொகை ஆகியவற்றை ஆராய்ந்து எழுதுமாறு மாணவரை ஏவினார். அவ்வாறு திரண்ட செய்திகள் 1918-ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளிவந்தன. இருபதாண்டு கழித்துப் பேராசிரியர் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து 1940-இல் நூல் வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றாகிய தென்னார்க்காட்டு இருவேல்பட்டு 1980-களிலும் 2008-ஆம் ஆண்டிலும் திரும்பவும் ஆராயப்பெற்றது. பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்ததும், உழவல்லாத தொழில்கள் பெருகியதும் இன்று நமக்குச் சான்றோடு தெரிகின்றன. ஏறத்தாழ நூறாண்டு வரலாற்றுக்கு அடிக்கல் நாட்டியவர் யார்? விடுமுறைக்கு வீடு சென்ற கல்லூரி மாணவரே!

இனி, நம் தமிழகத்துக் கிறித்தவ அறிஞர் ஒருவரையும் நினைவு கூர்தல் தகும். தஞ்சையில் 1892-ஆம் ஆண்டிற் பிறந்த ஜே. சி. குமரப்பா இலண்டனிற் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தியவர். பின்னர் அமெரிக்கா சென்று வணிக நிருவாகமும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொது நிதியியலும் கற்றார். இந்தியாவின் வறுமைக்கும் வரிக்கொள்கைக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தார். 1929-ஆம் ஆண்டிற் காந்தியடிகளைச் சந்தித்தபின், குசராத்து வித்தியாபீடத்து மாணவரை உடன்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் ஊர் ஊராகச் சென்று உழவரின் வரவு செலவை எழுதினார். கணக்கு எழுதுதல் செல்வர்க்கே உரிய கலை என்னும் எண்ணத்தை அவர் மாற்றினார். ஏழையின் கணக்கையும் தணிக்கை செய்யலாம் என்று காட்டினார். கணக்கியலும் வணிகவியலும் பொருளாதாரமும் ஒருவர்பால் ஒருங்கே கூடியதற்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டை யாம் அறியேம். ஆயினும் இவர் பெயரைக் கேட்டறியாமலே வணிகப் பட்டம் பெறுதல் இன்று எளிது.

கணக்கு வெறுங் கைத்திறன் அன்று, அஃது ஒழுக்கமுமாம். இரட்டைப் பதிவு முறையை முதன்முதல் அச்சு நூலில் விளக்கி 1494-ஆம் ஆண்டு வெனிசு நகரில் வெளியிட்ட லூக்கா பச்சியோலி ஒரு பிரான்சிஸ்கத் துறவி. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒப்ப மதித்தமையைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. இவ்வொழுக்கம் தவறியவிடத்து நேர்ந்தது யாது? சென்னையில் 1906-ஆம் ஆண்டு ஆர்பத்நாட்டு வங்கி முறிந்து எண்ணிறந்தோரின் சேமிப்பு அழிந்தது. அத்துயரின் பின்னரே 1907-இல் இந்தியன் வங்கி எழுந்தது. 2009-ஆம் ஆண்டு சனவரியிற் சத்தியம் நிறுவனத்தின் தலைவரே தம் கணக்குகள் பொய்யென ஒப்பினார். பட்டம் பெற்ற தணிக்கையாளர் பலர் பார்த்த கணக்கே அது. அறிவு குறைந்தமையால் விளைந்த கேடன்று இது. ஆகவே விழுமியக் கல்வி என்று நான்காம் பகுதியில் ஒரு தாளை ஒதுக்கி, தணிக்கைப் பாடத்தில் இவ்வரலாறுகளை விடுத்தல் மருந்தை ஓரிடத்தும் நோயை ஓரிடத்தும் வைப்பதனோடு ஒக்கும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மேல்நிலை வகுப்பிற் கணக்குப்பதிவியலைத் தமிழிற் பயின்ற மாணவர்க்குப் பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு, தேய்மானம், நற்பெயர் என்னும் சொற்கள் கைவந்தவை. கல்லூரி வகுப்பிலோ பெரும்பாலும் ஆங்கிலமே வழங்குதலின், அறிந்ததனையே புதிதாக அறியும் துன்பம் அவர்க்கு நேர்கின்றது. வணிகவியல் மாணவர்க்கு மொழிப்பாடம் ஓராண்டோடு அமையும் என்னும் ஏற்பாடும் பல கல்லூரிகளில் நெடுநாள் நிலவியது. ஆங்கிலம் வேண்டாவென்று கூறுவார் நாட்டின் நடப்பறியார். நிறுமச் சட்டமும் வரிச்சட்டமும் ஆங்கிலத்திலேயே கற்கப்படுகின்றன. ஆயினும் அம்பத்தூரிற் பட்டறை வைத்திருப்பவர்க்கு அவர்தம் இலாப நட்டத்தைத் தமிழில் எடுத்துரைக்க மாட்டாத பட்டதாரி, அவர்க்குப் பாதி உதவியே செய்தவராவர். இரு மொழியிலும் ஒரே கணக்கைச் சொல்லக் கற்றவரே முழுக் கணக்கர்.

இதுகாறும் குறை கூறினோம். இனிச் செய்யத்தக்கது கூறுவாம். புதிய தாள்கள் வேண்டா. இருக்கும் தாள்களின் உள்ளே மூன்று செயல்கள் போதும். முதலாண்டில், நிதிநிலைக் கணக்கியல் பயிலும்பொழுது, ஒவ்வொரு மாணவரும் தம் தெருவிலுள்ள சிறுகடையொன்றின் ஒரு திங்கள் வரவு செலவை உரிமையாளரின் இசைவோடு எழுதி முடித்தல். இரண்டாமாண்டில், வணிகவியலாரும் பொருளாதார மாணவரும் ஒருங்கு கூடி, சிலேட்டர் வகுத்த வழியில், வெள்ளானூர் போன்ற ஓர் ஊரின் ஐம்பது வீடுகளில் வருவாய், கடன், வட்டி ஆகியவற்றை ஆராய்தல். ஐந்தாண்டிற்கு ஒருமுறை அதே வீடுகளுக்கு மீண்டும் செல்லுதல் வேண்டும். மூன்றாமாண்டில், கண்டவற்றைத் தமிழில் எழுதி அவ்வூரார் முன்னிலையிலேயே படித்தல்; பிழை உளதேல் அவர் திருத்துவர். இவ்வறிக்கையைத் திருத்தமான தமிழில் வரைவதற்குத் தமிழ்த்துறை மாணவராகிய யாமும் உடன் வருவோம். முற்றத்தைக் கடக்க இதனினும் நல்ல வழி உண்டோ?

இதற்குத் தடை கூறுவார் உளர். "ஏழை மாணவர்க்கு வேண்டுவது வேலை, ஊராராய்ச்சி அன்று" என்பர் ஒரு சாரார். இக்கூற்றை எளிதாக ஒதுக்கலாகாது. பலர் வகுப்பு முடிந்ததும் கடையிலும் பட்டறையிலும் உழைத்தே கட்டணம் செலுத்துகின்றனர். ஆனால் சிந்திப்பீராக: பதிவு செய்யும் வேலையைக் கணிப்பொறி மேற்கொண்டுவரும் இக்காலத்தில், எண்களை வரிசைப்படுத்த மட்டும் அறிந்தவர்க்கு வேலை நிலைக்குமோ? கடைக்காரரிடம் வினவவும், விடையின் மெய்ம்மையை ஆராயவும், கண்டதனைத் தெளிவாக உரைக்கவும் அறிந்தவரையே நாளை உலகம் வேண்டும். உழைத்துக் கற்கும் மாணவர்க்கோ அவர் உழைக்கும் கடையே ஆய்வுக்களம் ஆகட்டும். "உலகெங்கும் இப்படியே பயிற்றுகின்றனர்" என்பர் மற்றொரு சாரார். அதுவும் முற்றும் மெய்யன்று. 2000-ஆம் ஆண்டிற் பாரிசு மாணவரும், 2008-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின் பின் 2012-இல் மாஞ்செஸ்டர் மாணவரும், உலகியலோடு ஒட்டாத பொருளாதாரக் கல்வியை மாற்றுக என்று தம் ஆசிரியரை வேண்டினர். அவர் கேட்டதனை நம் பல்கலைக்கழகம் ஒரு நூற்றாண்டின் முன்னரே செய்து காட்டியது என்பது நமக்குப் பெருமை. செய்ததனைத் தொடராது விட்டோம் என்பது நமக்குச் சிறுமை.

பாடத்திட்டக் குழுவில் அமரும் பெரியோர்க்கு யாம் பணிவோடு விண்ணப்பிப்பது ஒன்றே. அடுத்த முறை தாள்களின் பட்டியலைக் கையிலெடுக்கும்போது, "இதில் எதனைச் சேர்ப்போம்?" என்பதன் முன், "இதனைக் கற்ற பெண் தன் தாயின் சிட்டைப் புத்தகத்தைப் படித்துச் சொல்வாளா?" என்று வினவுக. வணிகவியற் பயிலும் நண்பர்காள்! குழுவின் முடிவிற்குக் காத்திராது, வரும் விடுமுறையிலேயே உங்கள் தெருவின் கணக்கை எழுதத் தொடங்குங்கள். 1916-ஆம் ஆண்டு மாணவர்க்கு இருந்த கருவிகள் தாளும் எழுதுகோலும் கால்நடையுமே. அவை நம்மிடத்தும் உள.